ரேஸில் இறந்த ஜாக்கியின் குடும்பத்தைத் தேடணுமா? முதலில் குதிரையின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

தம்பி கேட்டிருப்பது இது. பாட்டியின் அண்ணன் குதிரை ரேஸில் விழுந்து இறந்தார் என்று வீட்டில் சொல்வார்கள், ஐம்பதுகளாக இருக்கலாம், ஈப்போவா பினாங்கா என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கையில் இருக்கிறது. அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை இருந்ததாகவும் கேள்வி. அந்தக் குடும்பம் எங்கே போனது, எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். அப்பா தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர். அவருடைய கடைசித் தம்பி, என் சித்தப்பா, காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்கப் பிடிக்காமல் பதினாலு வயதில் ரேஸ் குதிரை லாயத்துக்கு ஓடிப்போனவர், கடைசியில் குதிரையிலிருந்து விழுந்துதான் இறந்தார். “லயத்துல பொறந்தவன் லாயத்துல போய்ச் செத்தான்” என்று எங்கள் பாட்டி சொல்லிச் சொல்லி அழுவார். லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடு, லாயம் குதிரைக் கொட்டில். அவரைத் தேடப் போய், அப்புறம் இரண்டு மூன்று குடும்பங்கள் கேட்டு, பென்ஷன் வாங்கிய பிறகு இதுவே எனக்கு வேலையாகிவிட்டது. அதனால் நான் பட்டதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் வீட்டுக் கதையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பொய் என்று சொல்லவில்லை, ஆனால் “ரேஸில் செத்தார்” என்பதற்குள் நாலைந்து விஷயம் ஒளிந்திருக்கும். ரேஸ் நாளில், கூட்டம் பார்க்க, ஓட்டத்தில் விழுந்திருக்கலாம். பயிற்சி ஓட்டத்தில் விழுந்திருக்கலாம். இருட்டோடு இருட்டாக நடக்கிற காலை டிராக் ஒர்க்கில், அதாவது குதிரையைத் தினமும் ஓட்டிப் பழக்குகிற வேலையில், விழுந்திருக்கலாம். லாயத்தில் உதை வாங்கியே போனவர்களும் உண்டு. ஐந்நூறு கிலோவுக்குப் பக்கத்தில் எடை உள்ள மிருகம் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, மேலே இருப்பவன் ஐம்பது கிலோ. முன்னால் போகிற குதிரையின் குதிகாலைப் பின்னால் வருகிற குதிரையின் முன்கால் தட்டினால் போதும். விழுகிற அடியைவிட, பின்னால் வருகிற குதிரைகளின் குளம்புதான் பல பேரை முடித்திருக்கிறது. இது ரேஸ் நாள் என்று பார்த்து நடப்பதில்லை, ஆனால் குடும்பத்துக்கு ரேஸ் நாள்தான் வேண்டும். எங்கள் வீட்டில் சித்தப்பா கோல்ட் கப் ஓட்டத்தில், ஆயிரம் பேர் எழுந்து நிற்க, முதலாவதாக வந்துகொண்டிருந்தபோது விழுந்தார் என்றுதான் சொன்னார்கள். நானும் நம்பி, கோல்ட் கப் நடந்த நாட்களின் மறுநாள் பேப்பரையெல்லாம் இரண்டு வருஷம் புரட்டினேன். ஒன்றுமில்லை. கடைசியில் கிடைத்தது நாலே வரி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டிராக் ஒர்க்கில், “இந்திய ரைடிங் பாய் ஒருவர்” (லாயத்தில் குதிரையை ஓட்டிப் பழக்குகிற ஆள்) குதிரை மிரண்டு வேலியில் மோதியதில் ஆஸ்பத்திரியில் இறந்தார். பெயர் இல்லை. குதிரையின் பெயர் இருந்தது.

அங்கேதான் எனக்குப் புத்தி வந்தது. அந்தக் கால இங்கிலீஷ் பேப்பர்கள் ஆளின் பெயரைக் கன்னாபின்னாவென்று போடும். குதிரையின் பெயரில் பெரும்பாலும் ஓர் எழுத்துகூடப் பிசகாது. ஏன்? பணம் கட்டுகிறவன் குதிரையின் மேல்தானே கட்டுகிறான். குதிரைப் பெயர் தப்பினால் சண்டை வரும். நம் ஆள் பெயர் தப்பினால் யார் கேட்கப் போகிறார்கள்? கோவிந்தசாமி என்று ஒருவர் இருந்தால் ஒரு வாரம் கோவிந்தன், மறுவாரம் வெறும் சாமி, அதற்கடுத்த வாரம் லாயத்தில் வைத்த செல்லப்பெயர். வேலாயுதத்துக்கு முதல் எழுத்து வி-யா டபிள்யூ-வா என்பது அன்றைக்கு அச்சுக் கோர்த்தவரின் மனசைப் பொறுத்தது. நம் பெயருக்கு முன்னால் போடுகிற அப்பா எழுத்தை அவர்கள் சில சமயம் போடுவார்கள், சில சமயம் விட்டுவிடுவார்கள், சில சமயம் அப்பாவின் பெயரையே ஆளின் பெயராகப் போட்டுவிடுவார்கள். அதனால் தாத்தாவின் பெயரைத் தட்டித் தட்டி ஒன்றும் வரவில்லையே என்று சோர்ந்து போகாதீர்கள். வீட்டில் வயசானவர்களிடம் “அவர் ஓட்டின குதிரை பேர் என்ன” என்று கேளுங்கள். ஆச்சரியமாக இருக்கும், அதைச் சொல்வார்கள். தாத்தா இறந்த வருஷம் தெரியாத ஒரு பாட்டி, குதிரை பெயரை மட்டும் தமிழ் வாயில் உடைத்து மூன்று துண்டாகச் சொன்னார். அதை ஒட்டவைத்துப் பார்த்தால் சரியாக வந்தது.

தேடுகிற இடம் பெரும்பாலும் உங்கள் கைத்தொலைபேசியிலேயே இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பேப்பர்களை இணையத்தில் போட்டிருக்கிறது: ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845-லிருந்து, சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ், மலாயா டிரிபியூன், 1935-இல் தொடங்கிய நம் தமிழ் முரசும் உண்டு. சிங்கப்பூர்ப் பேப்பர்தானே என்று விட்டுவிடாதீர்கள். அப்போது மலாயா முழுக்க ஒரே ரேஸ் உலகம். சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று மாற்றி மாற்றி ரேஸ் நடக்கும், குதிரை, டிரெய்னர், ஜாக்கி, சைஸ் (குதிரையைப் பார்த்துக்கொள்கிறவர்) எல்லாரும் ரயிலேறிக் கூடவே போவார்கள். ஈப்போவில் வீடு வைத்திருந்தவர் சிங்கப்பூரில் இறந்திருப்பார். உங்கள் வீட்டில் “ஈப்போவா பினாங்கா” என்று குழம்புவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும், இரண்டும் உண்மையாக இருக்கலாம்: வேலை ஒரு ஊர், சாவு ஒரு ஊர். ரேஸ் எந்தத் தேதியில் எந்த ஊரில் என்பது பேப்பரில் இருக்கும்; தேதி கிடைத்தால் ஊர் கிடைக்கும்.

நேரில் போய் அந்த இடத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தால் பாதி இடம் இல்லை. கோலாலம்பூரில் 1896-இல் தொடங்கிய கிளப்பின் பழைய மைதானம் ஜாலான் அம்பாங்கில் இருந்தது, இப்போது அங்கேதான் இரட்டைக் கோபுரம் நிற்கிறது. ரேஸ் சுங்கை பீசிக்குப் போய்விட்டது. சிங்கப்பூரில் சிராங்கூன் பக்கம் இருந்த மைதானம் 1933-இல் புக்கிட் தீமாவுக்கும் 1999-இல் கிராஞ்சிக்கும் மாறி, 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசி ரேஸோடு மூடியாகிவிட்டது. சிராங்கூனில் ரேஸ் கோர்ஸ் ரோடு என்று பெயர் மட்டும் மிச்சம், நம்மவர்கள் மீன் தலைக் கறி சாப்பிடப் போகிற ரோடு. பினாங்கிலும் 2025-இல் நின்றுவிட்டது. ஒரு கிளப் மூடும்போது பழைய தாள்கள் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, அதனால் இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.

ரேஸ் ரிசல்ட் வரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பத்து நிமிஷ வேலை. குதிரை பெயருக்குப் பக்கத்தில் 8.3 என்று இருந்தால் அது நேரமோ தூரமோ கிடையாது, எடை: எட்டு ஸ்டோன் மூன்று ராத்தல் (பவுண்டு). ஒரு ஸ்டோனுக்குப் பதினாலு ராத்தல், ஆக 115 ராத்தல், நம் கணக்கில் 52 கிலோ. அதே குதிரைக்குப் புரோகிராமில் போட்ட எடையைவிட ஓடியபோது சில ராத்தல் குறைந்திருந்தால், மேலே இருந்தவர் அப்ரெண்டிஸாக, அதாவது தொழில் பழகுகிறவராக, இருக்க வாய்ப்பு அதிகம், பழகுகிற பையனுக்குக் கொடுக்கிற சலுகை அது. அப்ரெண்டிஸ் என்றால் நமக்கு லாட்டரி அடித்த மாதிரி. பதினைந்து பதினாறு வயதுப் பையனை டிரெய்னர் சும்மா எடுத்துக்கொள்ள முடியாது, ஒப்பந்தம் இருக்கும், அதில் அப்பாவோ பாதுகாவலரோ கையெழுத்துப் போட்டிருப்பார்.

சரி, ஆளைப் பிடித்தாகிவிட்டது. இனிமேல் ரேஸை விட்டுவிடுங்கள். அவர் எத்தனை ஓட்டம் ஜெயித்தார், எந்த டிரெய்னர் என்று தேடிக்கொண்டே போனால் நல்லாத்தான் இருக்கும், ஆனால் அதில் குடும்பம் கிடைக்காது. உயிரோடு இருந்தவரைக்கும் அவரைப் பற்றி எழுதப்பட்டதெல்லாம் குதிரையைப் பற்றியது. அவர் இறந்த பிறகு எழுதப்பட்ட தாள்களில்தான் மனுஷர்களின் பெயர் வரும்: யார் அடையாளம் காட்டியது, யார் உடலை வாங்கியது, யார் பணம் கேட்டது.

விழுந்த தேதியும் இறந்த தேதியும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் 1923-இல் கிராண்ட் நேஷனல் என்ற பெரிய தடை தாண்டும் ரேஸை ஜெயித்த கேப்டன் பென்னட் அதே வருஷக் கடைசியில் ஒரு ரேஸில் விழுந்து தலையில் உதை வாங்கினார், இரண்டு வாரத்துக்கு மேல் நினைவில்லாமல் கிடந்து இறந்தது 1924 ஜனவரியில். (தடை தாண்டும் ரேஸில் தலைக்கவசம் கட்டாயமானது அவர் சாவுக்கு அப்புறம்தான்.) பேப்பரில் 1923-இல் தேடணும், இறப்புப் பதிவில் 1924-இல் தேடணும். நம் ஊரிலும் அப்படித்தான். இன்னொன்று, இறப்புப் பதிவு ஆள் இறந்த இடத்துக் கணக்கில் இருக்கும், சொந்த ஊர்க் கணக்கில் இருக்காது. சுங்கை சிப்புட் ஆள் என்பதற்காகக் கோலகங்சார் பக்கம் தேடினால் கிடைக்காது, பினாங்கு ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் பினாங்கு. ஜேபிஎன் (தேசியப் பதிவுத் துறை) கவுண்டருக்குப் போகும்போது பேப்பர் நகல், பெயரின் நாலைந்து எழுத்துக்கூட்டல், உங்களுக்கும் அவருக்கும் உறவு காட்டுகிற பிறப்புப் பத்திரங்கள் எல்லாம் எடுத்துக்கொண்டு, காலையிலேயே போங்கள்.

இப்படித் திடீரென்று நடக்கிற சாவுக்குப் போலீஸ் விசாரணை உண்டு, பிணப் பரிசோதனை உண்டு, பல சமயம் மாஜிஸ்திரேட் முன்னால் விசாரணையும் நடந்திருக்கும். சிங்கப்பூரில் இறந்திருந்தால், பழைய கோரோனர் (திடீர்ச் சாவை விசாரிக்கிற அதிகாரி) விசாரணைத் தாள்கள் அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, உங்களுக்கு வேண்டிய வருஷம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ரிக்‌ஷாக்காரர்களைப் பற்றிய சரித்திரமே அந்தத் தாள்களை வைத்து எழுதப்பட்டிருக்கிறது, சைஸும் ரைடிங் பாயும் அதே மாதிரி ஏழைகள்தான். இந்தப் பக்கம் என்றால் கோலாலம்பூரில் ஆர்க்கிப் நெகாரா, அதாவது மலேசிய தேசிய ஆவணக் காப்பகம். அப்புறம் இழப்பீடு. 1952-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அதன்படி ஒருவர் வேலையில் இறந்தால் முதலாளி கட்டுகிற பணம் லேபர் ஆபீஸ் வழியாகத்தான் வாரிசுகளுக்குப் பிரியும், யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதி. ரேஸுக்கு ரேஸ் கூலி வாங்குகிற ஜாக்கிக்கு இது பொருந்துவது சந்தேகம், லாயத்தில் மாசச் சம்பளத்தில் இருந்தவருக்குப் பொருந்தும். 1971-க்கு அப்புறம் என்றால் பெர்கேசோ, அதாவது சமூகப் பாதுகாப்பு நிறுவனம்.

சித்தப்பாவின் ஃபைல் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. மூன்று தாள், துருப்பிடித்த கொக்கி, ஓரத்தில் கறையான் அரித்தது. முதல் தாளில் என் தாத்தாவின் பெயர் இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது ஒரு பெண்ணின் பெயர். உறவு: மனைவி. பக்கத்தில் ஊதா மையில் இடது பெருவிரல் ரேகை, கொஞ்சம் இழுத்துக்கொண்டு போய்க் கலங்கியிருந்தது, கை நடுங்கியிருக்கும் போல. கீழே ஒரு பெண் குழந்தை, வயது எட்டு மாதம். எங்கள் வீட்டில் சித்தப்பாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பாவிடம் அந்த நகலைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அந்தப் பொண்ணு நம்ம வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு, அம்மா உள்ள விடல” என்றார். அவ்வளவுதான் சொன்னார், அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் வீட்டிலும் “பெண்டாட்டி பிள்ளை இருந்ததாகக் கேள்வி” என்கிறார்கள் பாருங்கள், அந்தக் “கேள்வி”க்குப் பின்னால் ஏதோ இருக்கும். ரேஸ் என்றாலே நம்மவர்களுக்கு சூது, குடி, கடன். தோட்டத்தில் ஒழுங்காகப் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு லாயத்துப் பையன் ஒரு அவமானம், அவன் கட்டிக்கொண்ட பெண் அதைவிட. கேட்கும்போது நேராகக் கேட்காதீர்கள். குதிரையைப் பற்றிக் கேளுங்கள், தே ஓ (பால் இல்லாத டீ) போட்டுக் கொடுத்துவிட்டு அவர்களே அடுத்ததைச் சொல்வார்கள்.

அந்தக் குடும்பம் எங்கே போயிருக்கும்? முதல் இடம் இன்னொரு லாயம். இது உலகம் முழுக்க ஒரே மாதிரி. 1959-இல் இங்கிலாந்தின் அஸ்காட் மைதானத்தில் விழுந்து இறந்த மேனி மெர்சர் என்ற ஜாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். தம்பி ஜோவும் ஜாக்கி, அந்தத் தம்பி கட்டியது ஹாரி கார் என்ற ஜாக்கியின் மகளை, மேனியின் மகள் கட்டிக்கொண்டது பேட் எட்டரி என்ற ஜாக்கியை. இங்கேயும் சைஸ் வீட்டில் சைஸ் வீட்டுக்குத்தான் பெண் கொடுத்தார்கள், மண்டோர், அதாவது மேஸ்திரி, பார்த்து முடித்து வைப்பார். விதவையானவள் கைக்குழந்தையோடு அதே லாயத்து வீட்டு வரிசையில் அண்ணன் வீட்டிலோ, இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவர் வீட்டிலோ இருந்திருப்பாள். அப்படியானால் குழந்தையின் ஐசியில் (அடையாள அட்டையில்) வேறு அப்பா பெயர் இருக்கும். சித்தப்பா மகளை நான் கண்டுபிடிக்க நாலு வருஷம் ஆனதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது இடம் தோட்டம். இங்கே ஒரு ஏமாற்றத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் நாட்டால், பிஜி போன ஒப்பந்தக் கூலிகளுக்கு ஆளுக்கொரு பதிவு உண்டு, அப்பா பெயர், கிராமம், மச்சம் முதற்கொண்டு. 1938-வரைக்கும் கங்காணி கூட்டிக்கொண்டு வந்த நம் ஆட்களுக்கு அப்படி ஒரு தாளை எதிர்பார்க்காதீர்கள். கப்பல் பட்டியலைத் தேடி வருஷக்கணக்கை வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும். அதற்குப் பதில் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். 1923 லேபர் கோடு என்ற தொழிலாளர் சட்டத்துக்கு அப்புறம் பிள்ளைகள் இருக்கிற தோட்டங்களில் பள்ளிக்கூடம் வைக்கச் சொன்னார்கள். தோட்டம் போனாலும் பல தமிழ்ப்பள்ளிகள் டௌனுக்கு மாறி இன்னும் நடக்கின்றன, பழைய சேர்க்கைப் பதிவேடு தலைமையாசிரியர் அறை அலமாரியில் இருக்க வாய்ப்பு உண்டு. 1948-இல் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை எதிர்த்து எமர்ஜென்சி ஆரம்பித்தபோது, அது வெடித்ததே எங்கள் சுங்கை சிப்புட் தோட்டங்களில்தான், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்கள். அந்தப் பழைய அட்டை வீட்டில் யார் டிரங்குப் பெட்டியிலாவது கிடந்தால் அது பெரிய விஷயம்.

எல்லாவற்றையும்விட நான் நம்புவது மொய் நோட்டை. கல்யாணம், காது குத்து, கருமக்கிரியை எதுவாக இருந்தாலும் ஒரு நாற்பது பக்க நோட்டு, முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி, கீழே பெயர், தோட்டம், எத்தனை வெள்ளி (டாலர்). வேறெங்கும் வராத பெயர் அதில் வரும், பக்கத்திலேயே “தாய்மாமன்” என்று உறவும் எழுதியிருப்பார்கள். பாட்டி கல்யாண நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். அண்ணன் என்ன செய்தார், அப்போது எந்த ஊரில் இருந்தார், கூட யார் பெயரைச் சேர்த்து எழுதினார் என்று பாருங்கள். மாரியம்மன் கோயில் உபயக் கணக்கும் இதே ரகம்தான்.

இங்கே எங்கேயும் இல்லையென்றால் கடலுக்கு அந்தப் பக்கம். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது ஏறக்குறைய அறுபதாயிரம் இந்தியர்கள் திரும்பிப் போனார்கள். ஆண் துணை இல்லாத வீடுகள் முதலில் கிளம்பின என்பது நான் பார்த்தது.

ஆஸ்திரேலியாவையும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். இங்கே ஓடிய குதிரைகளில் நிறைய அங்கிருந்து கப்பலில் வந்தவை, டிரெய்னர்களும் ஜாக்கிகளும் பலர் அந்த நாட்டுக்காரர்கள்தான். அதனால் இங்கே நடந்த விபத்து அங்குள்ள ஊர்ப் பேப்பரில் வந்திருக்கும், அதையெல்லாம் டுரோவ் (Trove) என்ற தளத்தில் இலவசமாகத் தேடலாம். ரேஸில் இறந்த தங்கள் ஜாக்கிகள் எண்ணூறு பேருக்கு மேல் பெயர் தொகுத்து வைத்திருக்கிற நாடு அது. நம் ரைடிங் பாய்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது, என் சமையலறை மேசையில் இருக்கிற ஒரு நோட்டைத் தவிர.

கடைசியாக அந்தப் படம். அவர் போட்டிருக்கிற சட்டையின் கோடு, பட்டை, நட்சத்திரம் எல்லாம் குதிரை முதலாளியின் அடையாளம், அவருடையது இல்லை. கறுப்பு வெள்ளையில் நிறம் தெரியாவிட்டாலும் டிசைன் தெரியும், ரேஸ் புத்தகத்தில் அது எழுத்தில் இருக்கும். குதிரையும் படத்தில் இருந்தால் சேணத் துணியில் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள், கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சைஸின் முகத்தையும் வெட்டிவிடாதீர்கள், அவர் வீட்டிலும் இதே படம் இருக்கலாம். ஸ்டூடியோ முத்திரை பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும், அதையும் சேர்த்து எடுத்து அனுப்புங்கள். யாராவது லாமினேட் பண்ணி வைத்திருந்தால் பிரிக்காதீர்கள், படத்தின் மேல்தோல் கையோடு வந்துவிடும். அப்படியே, பளபளப்பு விழாமல் நல்ல வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தால் போதும்.